அப்பாவின் பழைய சைக்கிளை அலுவலக சைக்கிளாக மாற்றலாமா? எந்த பாகம், எந்த அளவு?

வாசகர் கேள்வி: குரோம்பேட்டையில் இருக்கிறேன். அலுவலகம் 11 கிலோமீட்டர். என் எடை 74 கிலோ, கூடவே மடிக்கணினிப் பை. அப்பாவின் 22 அங்குல ஃபிரேம் சைக்கிள் (28 × 1½ சக்கரம், கம்பி பிரேக்) சும்மா நிற்கிறது. இதையே இடுப்பும் கையும் வலிக்காமல் தினமும் ஓட்டும்படி மாற்ற முடியுமா? எதை மாற்றுவது, எதை விடுவது?

பதில்: மாற்றலாம். இந்த ஃபிரேமில் ஹெட் டியூப் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) நன்றாகச் சாய்ந்திருக்கும், இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி அதிகம். குண்டுகுழிச் சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து போக இதைவிடத் தோதான அமைப்பு புது சைக்கிள்களில் அரிது. குறை பிரேக்கில்தான் இருக்கிறது. அதனால் செலவை பிரேக், சக்கரம், சீட், கியர் என்ற வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் கியரில் ஆரம்பித்து, பிரேக்குக்கு வரும்போது காசில்லாமல் நிற்கிறார்கள்.

எதையும் வாங்குமுன் ஃபிரேமைப் பாருங்கள். சீட் பின்னை (சீட்டைத் தாங்கும் தண்டை) கழற்றி, உள்ளே டார்ச் அடித்துத் துரு எவ்வளவு என்று பாருங்கள். பெடல் அச்சு நுழையும் இடத்திலும் ஃபோர்க்கின் தலைப்பகுதியிலும் பெயின்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். சுரண்டிப் பார்க்காமல் விடாதீர்கள். பிறகு ஒரு நூலைப் பின்சக்கரம் மாட்டும் ஒரு பக்கக் காதில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட் பின் நுழையும் குழாயிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லி வித்தியாசம் என்றால் நிமிர்த்திவிடலாம். விரிசல் இருந்தால் அந்த ஃபிரேமில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

இனி பிரேக். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுக்கும் கம்பி பிரேக்கின் கட்டை, குரோம் பூசிய இரும்பு ரிம்மின் உள்விளிம்பைப் பிடிக்கிறது. ரிம் நனைந்துவிட்டால் பிடி பெருமளவு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் போகிறவருக்கு இது ஆகாது. கட்டையை மட்டும் மாற்றினால் தீராது. ரிம் அலுமினியமாக வேண்டும், அல்லது பிரேக்கே ஹப்புக்குள் (சக்கரத்தின் நடு உருளைக்குள்) போக வேண்டும்.

இங்கேதான் சக்கர அளவு குறுக்கே வரும். உங்கள் சக்கரத்தில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லி. அந்த அளவில் நல்ல அலுமினிய ரிம்மும் டயரும் கிடைப்பது கடினம். இப்போதைய ஹைபிரிட் சைக்கிள்களின் 700சி சக்கரம் 622 மில்லி. அதற்கு மாறுங்கள். 42 மில்லி அகல டயர் போட்டால் மொத்த விட்டம் சுமார் 706 மில்லி. பழையது சுமார் 715. பெடல் தரையை நோக்கி நாலரை மில்லி மட்டுமே இறங்கும், ஓட்டும்போது தெரியாது. பழைய பின் ஹப்பை இந்த ரிம்மில் கோக்க முடியாது. முன்னால் 32 ஓட்டை, பின்னால் 40 ஓட்டை என்பது அந்தக் கால வழக்கம்; புது ரிம்கள் பெரும்பாலும் 32 அல்லது 36. இரண்டையும் 36 ஆக, ஹப்போடு சேர்த்தே வாங்குங்கள்.

622 ரிம் சிறியது என்பதால் ரிம்மை இரு பக்கமும் இடுக்கிப் பிடிக்கும் கேலிப்பர் பிரேக் எட்டுமா என்று அளந்து பார்க்க வேண்டும். ஃபோர்க் தலையில் உள்ள ஓட்டையின் மையத்திலிருந்து ரிம்மின் பக்கவாட்டு மையம் வரை அளவெடுங்கள். சாதாரண கேலிப்பர் 57 மில்லி வரைதான் எட்டும், நீளக்கை கேலிப்பர் 70 மில்லிக்குச் சற்று மேல் வரை எட்டும். அதையும் தாண்டினால் இரும்புப் பட்டை வைத்துக் கீழே இறக்கித் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அழுத்திப் பிடிக்கும்போது பட்டை வளைந்தால் கட்டை டயரை உரசும், அல்லது ஸ்போக்ஸில் சிக்கும். அப்படிப்பட்ட ஃபிரேமுக்கு டிரம் பிரேக் ஹப்தான் வழி. என் பரிந்துரையும் அதுவே: மழையானாலும் சேறானாலும் ஒரே பிடி, ரிம்மும் தேயாது. முன் ஹப்பின் அகலம் 100 மில்லி, பழைய ஃபோர்க் அதைவிடக் குறுகல். இரும்பு ஃபோர்க்கை இரு பக்கமும் சமமாக விரிக்கலாம். டிரம்மிலிருந்து வரும் கையை ஃபோர்க் காலோடு கிளாம்ப் போட்டு இறுக்க மறக்கக்கூடாது. அது கழன்றால் பிரேக் பிடித்த நொடியில் ஹப் அச்சோடு சுழன்றுவிடும்.

டயர் 37 முதல் 42 மில்லி, பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாக. பாதி சொகுசு காற்றில் இருக்கிறது. கல் மாதிரி காற்றடிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. உங்கள் எடைக்கும் பைக்கும் பின்னால் 50 பி.எஸ்.ஐ., முன்னால் 40 போதும். டியூப் மோட்டார் வால்வு (மோட்டார் சைக்கிளில் இருப்பது) உள்ளதாக வாங்குங்கள். பழைய வால்வின் சிறு ரப்பர் குழாய் வெயிலில் காய்ந்து வெடித்துக் காற்று மெல்லக் கசியும்.

ரிம்மைக் கோக்கக் கொடுக்குமுன் கியர் வேண்டுமா என்று முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் கியர் ஹப்புக்கு ஸ்போக்ஸ் நீளம் வேறு. பின்னாளில் மனம் மாறினால் முழுச் சக்கரத்தையும் பிரித்துக் கோக்க வேண்டும். உங்கள் வழி சமதளம், ஏற்றம் என்றால் மேம்பாலம் மட்டும்தான். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றிருந்தால் ஒரு மிதிக்கு (பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு) சுமார் 5.4 மீட்டர் போகும். சிக்னலில் நின்று கிளம்ப இது கனம். பின்னால் 20 பல் ஃபிரீவீல் போடுங்கள், சுமார் 4.9 மீட்டர் ஆகும். நிமிடத்துக்கு 70 மிதியில் மணிக்கு 20 கிலோமீட்டர். அதே செயினில் சக்கரம் 6 மில்லி முன்னே நகரும், அவ்வளவே.

மேம்பாலம் படுத்துகிறது என்றால் மூன்று கியர் ஹப். நடுக் கியரை 100 என்று வைத்தால், ஸ்டர்மி ஆர்ச்சரில் 75, 100, 133 சதவீதம். ஷிமானோ நெக்ஸஸில் 73, 100, 136. பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் செயினைத் தள்ளும், வெளியே தெரியும் டெரெய்லர் கியரை இந்த சைக்கிளுக்கு நான் சொல்லமாட்டேன். அதைப் போட்டால் முழுச் செயின் கவரைக் கழற்ற வேண்டும். அந்தக் கவர்தான் உங்கள் பேண்ட்டையும் செயினையும் மழையிலிருந்து காப்பது. பின் காதுகளின் இடைவெளி 110 முதல் 114 மில்லி இருக்கும், நெக்ஸஸுக்குச் சுமார் 120 வேண்டும். பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து மில்லி விரித்தபின் காதுகள் இணையாக நிற்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அச்சு சுழலாமல் தடுக்கும் பல் வாஷர்கள் இரண்டையும் கட்டாயம் மாட்ட வேண்டும். கேபிள் சரியில்லாத பழைய ஸ்டர்மி ஹப், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பிடியில்லாமல் சுற்றி, நின்று மிதிப்பவரை ஹேண்டில்பார்மேல் தள்ளிவிடும். இரண்டாம் கியரில் வைத்து வலது நட்டின் ஓட்டை வழியே பாருங்கள்: உள்ளே உள்ள கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். தெருவில் தேங்கிய தண்ணீர் அச்சுக்கு மேல் போனால் ஹப்பைத் திறந்து கிரீஸ் மாற்றுங்கள்.

சீட்டுக்கு ஒரு சோதனை: நெளி அட்டையைக் கல் திண்ணையில் போட்டு உட்கார்ந்து எழுங்கள். பதிந்த இரு குழிகளின் மையங்களுக்கு நடுவே அளந்து, 25 மில்லி கூட்டுங்கள். சீட்டின் அகலமான பகுதி அதற்குக் குறையக்கூடாது. நிமிர்ந்து ஓட்டும்போது எடை முழுக்கப் பின்னால் விழுவதால் ஸ்பிரிங் வேண்டும். கடையில் அமுக்கினால் மெத்தென்று இறங்கும் சீட்டை வாங்காதீர்கள். எலும்பு புதைந்து, நடுப்பகுதி மேலெழும்பி நரம்பை அழுத்தும், அரைமணியில் மரத்துப்போகும். குதிகாலைக் கீழே நிற்கும் பெடலில் வைத்தால் கால் முழுக்க நீள வேண்டும், அதுதான் உயரம். சீட் பின் புதிதாக வாங்கினால் வெர்னியரில் அளந்து வாங்குங்கள், 0.2 மில்லி குறைந்தாலும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

கம்பி பிரேக் ஹேண்டில்பாரோடு சேர்ந்தது, அதனால் ஹேண்டில்பாரும் மாறும். பின்னோக்கி வளைந்ததையே வாங்குங்கள், மணிக்கட்டு முறுக்காமல் நிற்கும். ஃபோர்க்குக்குள் இறங்கும் தண்டின் விட்டத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். மட்கார்டும் கேரியரும் அப்படியே இருக்கட்டும். பையைக் கேரியரில் கட்டினால் முதுகு வேர்க்காது.

கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஆடினால், அதை அச்சோடு பிடிக்கும் ஆப்புகளான காட்டர் பின்கள் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று மேலிருந்து இறங்கினால், கிராங்கைச் சுற்றிவிட்டுப் பார்க்கும்போது மற்றதும் அதே நிலையில் மேலிருந்தே இறங்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் இரு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. பின்னை இறுக்குவது சுத்தியல். நட் அதைக் கழலாமல் பிடிப்பதற்கு மட்டும். அடிக்கும்போது கிராங்கின் அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்காவிட்டால் அடி முழுக்க பால்ரஸில் இறங்கிக் கிண்ணத்தில் பள்ளம் விழும். 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை தட்டி நட்டை இறுக்குங்கள். புது சக்கரங்களையும் அதே வாரத்தில் கடைக்குக் கொண்டுபோய் பெண்டு எடுத்துவிடுங்கள். புது ஸ்போக்ஸ் முதல் சில நாளில் தளரும்.