பிஎஸ்6 எப்போ வரும், டிஸ்க் இருக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சோனியின் பிளேஸ்டேஷன் (சுருக்கமாகப் பிஎஸ்) மாதிரி டிவியில் மாட்டி விளையாடும் புது கேம் கன்சோல்கள் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்துதான். சிலவற்றுக்கு இங்கே பதில்.

பிஎஸ்5 வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன் அண்ணா. நண்பர்கள் எல்லாம் "பிஎஸ்6 வரப்போகுது, பொறுடா" என்கிறார்கள். பொறுக்கலாமா?
*கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

பொறுக்க வேண்டாம் தம்பி, வாங்கிவிடுங்கள். முதல் பிளேஸ்டேஷன் வந்தது 1994, அடுத்தது 2000, பிறகு 2006, 2013, 2020. கடைசி இரண்டு முறையும் ஏழு வருஷ இடைவெளி. அதே கணக்கில் போனால் பிஎஸ்6 வருவது 2027 கடைசி, இல்லையென்றால் 2028. 2025 அக்டோபரில் சோனியின் கன்சோலை வடிவமைக்கும் மார்க் செர்னியும், அதற்குச் சிப் செய்யும் ஏஎம்டி நிறுவனத்தின் ஜாக் ஹுயினும் ஒரு வீடியோவில் உட்கார்ந்து, ஒளியும் நிழலும் கணக்கிடும் வேலைக்குத் தனிப் பகுதி, மெமரியில் போகும் டேட்டாவைச் சுருக்கும் முறை என்று புது கிராபிக்ஸ் சிப்பில் வரப்போவதை விளக்கினார்கள். அப்போது செர்னி சொன்னது, இன்னும் சில வருஷத்தில் வரும் ஒரு கன்சோலில் இதையெல்லாம் கொண்டுவர ஆசை என்பதுதான். யூடியூபில் சுற்றும் சிப் பெயர், விலை, தேதி எல்லாவற்றையும் வதந்திக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உலகத்தில் வந்த அன்றே நம் ஊருக்கு வந்துவிடாது. பிஎஸ்5 வெளிநாட்டில் 2020 நவம்பரில் வந்தது, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2ஆம் தேதிதான், 49,990 ரூபாய்க்கு. அதன் பிறகும் ஸ்டாக் வந்த வேகத்தில் தீர்ந்துபோய், கடையில் கேட்டு வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். இன்னும் சக்தி கூடிய மாடலான பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பரில் வெளியானபோது, அதிலிருக்கும் புது வைஃபைக்கான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லாததால் இந்தியாவுக்கு வரவில்லை. பிஎஸ்6 வந்த பிறகும் பிஎஸ்5க்கு கேம் நின்றுவிடாது. பிஎஸ்4க்கே 2022இல் காட் ஆஃப் வார் ரக்னராக் என்ற பெரிய கேம் வந்ததே!

கொஞ்ச வருஷம் போனால் பிஎஸ்5 விலை இறங்கும்தானே?
*வாசகர், நெய்வேலி*

பிஎஸ்2 காலத்தில் இறங்கியது. அமெரிக்காவில் 2000இல் 299 டாலர், 2002இல் 199, 2004இல் 149. இப்போது வண்டி எதிர்ப்பக்கம் ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் சோனி அமெரிக்காவில் பிஎஸ்5 விலையை 50 டாலர் ஏற்றியது, அதே வருஷம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விலை இரண்டு முறை ஏறியது. சிப்பைச் சின்னதாக்கினால் செலவு குறையும் என்ற பழைய நிலைமை இப்போது இல்லை. அதோடு ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் அதன் விலையும் ஏறிவிட்டது. அடுத்த கன்சோலும் இதே மெமரியை நம்பித்தான் வரவேண்டும், அதனால் மலிவாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

எக்ஸ்பாக்ஸை மூடப் போகிறார்களாமே?
*வாசகர், பண்ருட்டி*

இல்லை. அடுத்த எக்ஸ்பாக்ஸுக்காக ஏஎம்டியோடு பல வருஷ ஒப்பந்தம் என்று மைக்ரோசாஃப்டே 2025 ஜூனில் அறிவித்தது. அதே வருஷம் அக்டோபரில் அசூஸ் நிறுவனத்தோடு சேர்ந்து விட்ட கையடக்க எக்ஸ்பாக்ஸ் உள்ளுக்குள் விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். அடுத்த பெட்டியும் பிசி பக்கம் சாயும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நானும் நண்பர்களும் டிஸ்க் மாற்றி மாற்றித்தான் விளையாடுகிறோம். அடுத்த கன்சோலில் டிஸ்க்கே இருக்காது என்கிறார்கள், உண்மையா சார்?
*ஆட்டோ ஓட்டுநர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்*

எனக்கும் இதுதான் பெரிய கவலை. புது கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாயை நெருங்கும்போது, நம் பக்கம் பலரால் விளையாட முடிவதே அது கை மாறுவதால்தான். ஒருவர் வாங்கி முடிப்பார், கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் கீறல் பார்த்து ஒரு விலை சொல்வார், அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து அடுத்தது வாங்குவார், பழையது இன்னொரு வீட்டுக்குப் போகும். டவுன்லோட் செய்த கேமை விற்க முடியாது, நண்பனுக்கு ஒரு வாரம் கொடுக்கவும் முடியாது. நூறு ஜிபி கேமை இறக்க எல்லார் வீட்டிலும் நெட்டும் இல்லை.

அறிகுறிகள் நல்லதாக இல்லை, மறைக்காமல் சொல்கிறேன். பிஎஸ்5இன் சின்ன மாடலான ஸ்லிம்மில் டிஸ்க் டிரைவ் கழற்றி மாட்டுகிற மாதிரி ஆகிவிட்டது, தனியாக வாங்கி மாட்டினால் முதல் தடவை நெட் இருந்தால்தான் வேலை செய்யும். ப்ரோவில் டிரைவே கிடையாது, தனிக்காசு. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2இல் சில கேம் கார்டுகளுக்குள் கேமே இல்லை, சாவி மாதிரி ஒன்றுதான் இருக்கிறது, கேமை டவுன்லோட் செய்ய வேண்டும். டவுன்லோட் விற்கும் ஆன்லைன் கடையை மூடினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது: 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடையையும் மூடியது, அங்கே மட்டும் விற்ற கேம்களை இனி புதிதாக யாரும் வாங்க முடியாது.

ஆனால் 2013இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் தினம் ஒருமுறை நெட்டில் இணைய வேண்டும், பழைய கேமை விற்கக் கட்டுப்பாடு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சோனி உடனே ஒரு குட்டி வீடியோ விட்டது, பிஎஸ்4இல் கேமை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி என்று: ஒருவர் டிஸ்க்கை நீட்டுவார், மற்றவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். விளையாடுகிறவர்கள் போட்ட சத்தத்தில் மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் ஜூனிலேயே பின்வாங்கியது. அதனால் கேட்டால் நடக்கும். பிஎஸ்6இல் டிரைவ் ஒரேயடியாகப் போகாது, தனியாக விற்பார்கள் என்பது என் ஊகம். நீங்கள் இப்போது வாங்குவதாக இருந்தால் காசு மிச்சம் என்று டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் பக்கம் போகாதீர்கள். டிரைவ் உள்ளதில் உங்கள் பிஎஸ்4 டிஸ்க்குகளும் கிட்டத்தட்ட எல்லாமே ஓடும்.

பிரான்சில் இருக்கும் சித்தப்பா அடுத்த முறை வரும்போது பிஎஸ்5 வாங்கி வருகிறேன் என்கிறார். இங்கே ஓடுமா?
*பள்ளி மாணவி, குருசுக்குப்பம், புதுச்சேரி*

ஓடும் பாப்பா. கரண்ட் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும்தான் மாறும். பழைய டேப் ரெக்கார்டருக்குப் போடுவோமே, எட்டு வடிவத்தில் முனை உள்ள வயர், அதுதான் இதற்கும். நல்லதாக ஒன்று வாங்கினால் போதும். கேம் டிஸ்க் எந்த நாட்டுடையதும் ஓடும், புளூரே சினிமா டிஸ்க்குக்குத்தான் நாட்டுக்கு நாடு பூட்டு உண்டு. வாரன்டி இங்கே கிடைக்காது என்பதையும் ஏர்போர்ட்டில் சுங்க வரி வரம்பையும் சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிஎஸ்6 வரும்வரை என் பிஎஸ்4ஐ ஓட்டலாம் என்று இருக்கிறேன். வீடு கடற்கரை ஓரம். தாங்குமா?
*வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்*

உப்புக்காற்றுதான் எதிரி. பின்பக்கம் டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ வயரைக் கழற்றி உள்ளே பாருங்கள், பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஜன்னல் ஓரத்திலிருந்து மாற்றி வையுங்கள். ஓடாதபோது மூடலாம், ஓடும்போது துணி போடவே கூடாது. வாரத்தில் சில நாளாவது ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் காயும். ஃபேனில் அடைந்த தூசியை எடுத்து, சிப் மேலிருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினால் சத்தம் குறையும். மழைக்காலத்தில் புயல் அறிவிப்பு வந்தால் முதலில் சேவ் ஃபைல்களை (எதுவரை விளையாடினோம் என்ற பதிவுகளை) ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்துவிட்டு, பிறகு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.