நாக்கை நீட்டிய சின்னம்: ரோலிங் ஸ்டோன்ஸ் குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் சிவந்த உதடும் நீட்டிய நாக்கும் கொண்ட சின்னத்தைப் பற்றி, வடிவமைப்பு பயிலும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இது அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்த சின்னம்தானே?

இல்லை. இதை வரைந்தவர் ஜான் பாஷ். 1970இல் அவர் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்துக்கொண்டிருந்த மாணவர். குழுவின் அந்த ஆண்டு ஐரோப்பியப் பயணத்துக்குச் சுவரொட்டி செய்து கொடுத்ததன் வழியாகப் பாடகர் மிக் ஜாகருக்கு அறிமுகமானார். டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்து, குழு சொந்தமாக இசைத்தட்டு வெளியிடத் தொடங்கிய வேளையில், அதற்கென ஒரு சின்னம் வேண்டுமென்று அவரிடமே கேட்டார்கள். வார்ஹோலின் பங்கு, 1971இல் வந்த ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ இசைத்தட்டின் மேலுறைக்கான எண்ணம் மட்டுமே. அந்த உறைக்கு உள்ளேதான் நாக்குச் சின்னம் முதன்முதலில் பெரிதாக அச்சேறியது. ஒரே இசைத்தட்டில் இரண்டும் சேர்ந்து வந்ததால் இரண்டையும் செய்தவர் ஒருவரே என்று பலரும் எண்ணிவிட்டார்கள். இதைத் தயவுசெய்து நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: காளியின் நாக்கைப் பார்த்து வரைந்தது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஜாகர் ஓர் இந்தியக் கடையில் மாட்டியிருந்த நாட்காட்டியின் காளி படத்தைக் கேட்டு வாங்கி வந்து, பாஷிடம் காட்டினார். அவர் எதிர்பார்த்தது ஏதோ இந்தியச் சாயல் கொண்ட சின்னம். பாஷின் கண் மட்டும் திறந்த வாயிலும் தொங்கும் நாக்கிலும் போய் நின்றது. முகம், கண்கள், மண்டையோட்டு மாலை, கைகள் அனைத்தையும் விலக்கிவிட்டு வாயை மட்டும் எடுத்துக்கொண்டார். எதையெல்லாம் விடலாம் என்று கண்டுகொண்டதில்தான் அவருடைய திறமை இருக்கிறது என்பது என் கருத்து. வடிவம் அங்கிருந்து வந்தது; பொருள் அங்கிருந்து வரவில்லை.

கேள்வி: அப்படியானால் அதன் பொருள்தான் என்ன?

அதிகாரத்துக்குப் பணியாத மனநிலை, ஜாகரின் வாய், வெளிப்படையான காமக் குறிப்பு ஆகிய மூன்றையும் பாஷ் தாமே சொல்லியிருக்கிறார். நம் வீட்டுக் குழந்தை பெரியவர்களைப் பார்த்து நாக்கை நீட்டினால் ‘பழிப்புக் காட்டுகிறது’ என்கிறோம் அல்லவா? அந்தச் சொல்லே இதற்கு மிகப் பொருத்தமான விளக்கம்.

கேள்வி: தவறு. காளியின் நாக்கு வெட்கத்தின் அடையாளம். வெட்கத்தை எடுத்துத் துடுக்காக்கியது அவமதிப்பு இல்லையா?

நல்ல எதிர்க்கேள்வி, சற்று விரிவாகவே பேச வேண்டும். வங்காளத்தில் பரவலாக வழங்கும் கதையில், வெறியாட்டத்தில் தன்னை மறந்த காளி, கீழே கிடக்கும் கணவன் சிவன்மீதே காலை வைத்துவிட்டு, அதை உணர்ந்த கணத்தில் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். தவறு செய்துவிட்டால் நாமும் நாக்கைக் கடித்துக்கொள்கிறோம் என்பதால் இந்த விளக்கம் நமக்கு எளிதில் பிடிபடுகிறது. ஆனால் தேவியின் போர்களைப் பாடும் தேவி மாகாத்மியம் என்ற வடமொழி நூலில் வரும் நாக்கு வேறு. அங்கே இரத்தபீசன் என்ற அசுரனின் இரத்தம் ஒவ்வொரு துளி மண்ணில் விழும்போதும் ஓர் அசுரன் எழுகிறான். துளி கீழே விழாதபடி காளி வாயை அகலத் திறந்து பருகிவிடுகிறாள். அது போர்க்களத்து நாக்கு. அதில் நாணத்துக்கு இடமில்லை. ஆகவே காளியின் நாக்குக்கு ஒரே பொருள்தான் என்று நம் மரபே சொல்லவில்லை. ஒரு வழிபாட்டு உருவத்தின் உறுப்பைத் தனியே எடுத்து வணிகச் சின்னமாக்கலாமா என்ற உங்கள் மனவருத்தம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. வெட்கம் ஒன்றே அதன் பொருள் என்ற வாதத்தை மட்டுமே மறுக்கிறேன்.

கேள்வி: அந்த நாட்காட்டி சிவகாசியில் அச்சானது என்று எழுதலாமா?

ஆதாரம் கையில் இல்லாமல் எழுதாதீர்கள்.

கேள்வி: வார்ஹோலுக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?

சின்னத்துக்கு என்று கேட்கிறீர்களானால், வரைந்தவர் பாஷ் என்பதை மேலேயே எழுதியிருக்கிறேன். அவருக்குக் கிடைத்தது 50 பவுண்டு. 1972இல் மேலும் 200 பவுண்டு அளித்தார்கள். அவர் வரைந்த மூலப் படத்தை 2008இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஏலத்தில் 92,500 டாலருக்கு வாங்கியது.

கேள்வி: சில இடங்களில் நாக்கு ஒல்லியாகவும் சில இடங்களில் தடித்தும் இருக்கிறதே?

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். அமெரிக்கப் பதிப்புக்கு அவசரமாகப் படம் தேவைப்பட்டபோது, அங்கே உறையைத் தயாரித்த கிரெய்க் பிரான் கைக்குத் தெளிவற்ற சிறிய நகல்தான் கிடைத்தது. அதை வைத்து மறுபடி வரையச் செய்தார். அதனால் அந்த வடிவம் சற்று ஒடுங்கியும் வெள்ளை ஒளிக்கீற்றுகள் மிகுந்தும் இருக்கும். உறையில் இருந்த ஜீன்ஸ் படத்தின்மேல் உண்மையான உலோக ஜிப் பொருத்தியவரும் அவரே. அட்டைகளை அடுக்கி அனுப்பியபோது ஜிப்பின் நுனி மேலிருந்த இசைத்தட்டில் அழுந்திப் பள்ளம் விழுந்தது. ஜிப்பைப் பாதி வரை கீழே இழுத்துவிட்டு அனுப்பினால், அந்த அழுத்தம் நடுவிலுள்ள காகித லேபிளில் படும், பாட்டு கெடாது. அப்படித்தான் சரிசெய்தார்கள்.

கேள்வி: இந்தச் சின்னத்தைப் பனியனில் அச்சிட்டு விற்கலாமா?

கூடாது. அது பதிவுபெற்ற வணிகச் சின்னம். பழகுவதற்காக வரைந்து பாருங்கள், விற்காதீர்கள். ஸ்கிரீன் அச்சு (வலைத்திரை வழியே மை ஏற்றும் முறை) பயில்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வெள்ளைத் துணியில் சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என இரண்டே ஸ்கிரீன் போதும். பற்களும் நாக்கின் பளபளப்பும் மை படாமல் விட்ட துணியின் வெண்மையே. எளிதாக அச்சேற வேண்டும் என்று எண்ணியே பாஷ் அதை அவ்வாறு வரைந்தார்.

கேள்வி: கிட்டார் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

இசை கற்பிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வெட்கம் என்ற விளக்கத்தை நீங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள். கொல்கத்தாக் காளிகாட் சிலையைப் பார்த்ததுண்டா?

அந்தச் சிலையின் நாக்கு பொன்னால் ஆனது; நீண்டு கீழே தொங்குவது. வெட்கத்தில் கடித்துக்கொண்ட நாக்கு என்றால் அது பற்களுக்கு இடையில் அல்லவா சிறிதாகத் தெரிய வேண்டும்? நாட்காட்டிப் படங்களில் அப்படிப் பற்கள் நாக்கைப் பற்றியிருப்பதுபோல வரைவதும் உண்டு. பாஷின் சின்னத்தைப் பாருங்கள்: மேல்வரிசைப் பற்கள் நாக்குக்கு மேலே விலகியே நிற்கின்றன. அங்கே நாக்கைக் கடிக்கும் பல் எதுவும் இல்லை.