வழிதவறும் முதியவரைத் தேடுவது எப்படி?

கேள்வி: பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் எங்களுடன் வசிக்கும் என் மாமனார் மறதி நோயாளி, ஒரு காலத்தில் அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் ரயில்வே வேலை பார்த்தவர். சென்ற மாதம் ஒரு மாலையில் காணாமல் போய்விட்டார். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் செய்யலாம் என்று பக்கத்து வீட்டார் கூறியதால் காத்திருந்தோம். மறுநாள் காலை பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் அவரைக் கண்டோம். காணாமல் போன முதியவரைப் பற்றிப் பொதுமக்களுக்கு அறிவிக்கும், அமெரிக்காவில் உள்ள ‘சில்வர் அலர்ட்’ இங்கும் உண்டா?
— ஒரு வாசகி, பினாங்கு

பதில்: முதலில் அந்த 24 மணி நேரக் கதையை மறந்துவிடுங்கள். காணாமல் போனவர் எந்த வயதினரானாலும் உடனே போலீஸ் நிலையத்தில் புகார் செய்யலாம். மறதி நோயாளி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மலேசியாவில் 2011இல் தொடங்கப்பட்ட ‘நூர் அலர்ட்’ என்ற அறிவிப்பு முறை, காணாமல் போகும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது. உங்கள் மாமனார் அதில் அடங்க மாட்டார். அமெரிக்காவின் சில்வர் அலர்ட்டோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஃபுளோரிடாவில் 2008 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டின்படி, காணாமல் போன முதியவர் காரில் சென்றிருந்தால் அதன் எண் நெடுஞ்சாலை மின்பலகைகளில் காட்டப்படும். அங்கே தாத்தாக்கள் கார் ஓட்டுகிறார்கள்; நம் தாத்தாக்கள் நடந்தோ பேருந்திலோதான் போகிறார்கள். ஆகவே பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். நமக்கு நெருக்கமாகத் தோன்றுவது தென்கொரியாவின் முறைதான்: காணாமல் போன சிறார், அறிவுசார் குறைபாடுள்ளோர், மறதி நோயாளிகள் ஆகியோரின் வயது, உயரம், உடை முதலிய விவரங்கள் 2021 முதல் அந்தந்த வட்டாரத்து மக்களின் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பப்படுகின்றன.

அப்படி ஒன்று இங்கு வரும்வரை அதே வேலையை ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கக் காவல் அமைப்பும் கோயில் புலன (வாட்ஸ்அப்) குழுக்களும் ஓரளவு செய்ய முடியும். ஆனால் அவற்றுக்குத் தேவையான செய்தியை நீங்கள் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். தினமும் காலையில் அவர் உடுத்தியிருக்கும் உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள், ஏனெனில் பதற்றத்தில் சட்டையின் நிறம் யாருக்கும் நினைவிருக்காது. கடைசியாகப் பார்த்த இடம், நேரம், பேசும் மொழி, போலீஸ் நிலையத்தின் எண் ஆகியவற்றைச் சேருங்கள். அடையாள அட்டை எண்ணைப் போலீஸுக்கு மட்டுமே கொடுங்கள்.

தேடுவோரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: மறதி நோயாளிகள் பல சமயம் தங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் கொடுப்பதில்லை. எனவே கூவிக்கொண்டே போவதோடு நில்லாமல், புதர், கால்வாய், கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை என்று கண்ணால் பார்த்துத் தேட வேண்டும். பழைய வேலையிடத்தை நோக்கி அவர்கள் கிளம்பிவிடுவதும் வழக்கம்தான். உங்கள் மாமனார் ஃபெரியில் ஏறித் தீவிலிருந்து அக்கரைக்குப் போய்விடக்கூடும். அடுத்த முறை ஃபெரி புறப்படும் ஜெட்டிக்கு முதலில் ஆள் அனுப்புங்கள்.

அவர் கிடைத்ததும் எல்லாக் குழுக்களிலும் அதைத் தெரிவித்து, படத்தை நீக்கச் சொல்லுங்கள். பழைய அறிவிப்பு மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தால், மறுமுறை அவர் உண்மையிலேயே காணாமல் போகும்போது எவரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.