பட்டறைப் பதில்கள்: மாவு கொட்டும் செயின்சா

கேள்வி: வணக்கம் அண்ணே. பினாங்கு பாலிக் புலாவில் அப்பா விட்டுப்போன சின்னத் தோட்டம். ரம்புத்தான், டுரியான், நாலைந்து தென்னை. 14 அங்குல பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள பெட்ரோல் செயின்சா வைத்திருக்கிறேன். காற்றில் விழுந்த தென்னை ஒன்றைத் துண்டு போட்டதிலிருந்து அது சரியாக அறுப்பதில்லை. கைத்தடிமன் கிளைக்கே அமுக்க வேண்டியிருக்கிறது, புகைகிறது, வெட்டு வலது பக்கம் சாய்கிறது. ஸ்பார்க் பிளக் மாற்றியும் பலன் இல்லை. ஹார்ட்வேர் கடை தவுக்கே (முதலாளி), இஞ்சின் போய்விட்டது, புதுசு வாங்கு என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, காசைப் பையிலேயே வையுங்கள். மரத்தைத் தொடாமல் முடுக்கினால் சத்தம் சீராக ஏறுகிறதா? ஏறினால் இஞ்சின்மேல் பழி போடாதீர்கள். புகையும் புகைபோக்கியில் வருகிறதா, அறுக்கும் இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். அறுக்கும் இடத்தில் கருகல் வாடை என்றால், மரமும் இரும்பும் உரசிக்கொள்கின்றன என்று அர்த்தம். அடுத்து பூட்ஸ்மேல் விழுவதைக் கவனியுங்கள். கூரான சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளும். புட்டு மாவு மாதிரி பொடியாகக் கொட்டினால் பல் மொக்கை.

மொக்கையாக்கியது அந்தத் தென்னைதான். மற்ற மரங்களுக்கு நடுத்தண்டு வைரம், தென்னைக்கு வெளிச்சுற்றுதான் வைரம். அதன் நார் பல்லைத் தின்னும். போதாததற்கு, தரையில் கிடந்த மரத்தை அடிவரை அறுத்திருப்பீர்கள். சங்கிலி ஓடும்போது ஒரு நொடி மண்ணைத் தொட்டால் போதும், காலையில் தீட்டிய கூர் போய்விடும். இனிமேல் அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி அறுங்கள். முடியாவிட்டால் முக்கால்வாசி அறுத்து, உருட்டிவிட்டு, மேல்பக்கமிருந்து மீதியை முடியுங்கள்.

வலது பக்கம் சாய்வதற்கும் காரணம் பல்தான். சங்கிலியில் பல் இடம், வலம் என்று மாறி மாறி வரும். கூர் மிச்சமிருக்கும் பக்கமே வெட்டு இழுக்கும். உங்கள் மிஷினில் இடது பற்கள்தான் அதிகம் அடிபட்டிருக்க வேண்டும். பல் நுனியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைக் கோடாக வெளிச்சம் மின்னினால் அந்தப் பல் மழுங்கல். கூரான விளிம்பு மின்னாது.

தீட்டுவதற்கு முன் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறை போடுங்கள். கடையில் கொடுக்கிற அரத்தை அப்படியே வாங்காதீர்கள். உங்கள் அளவு மிஷினில் பெரும்பாலும் 3/8 லோ புரொஃபைல் சங்கிலி (3/8 என்பது அங்குலத்தில் சங்கிலியின் பிட்ச் அளவு) இருக்கும், அதற்கு 4 மி.மீ. உருண்டை அரம். .325 சங்கிலி என்றால் 4.8 மி.மீ. கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய அரம் பல்லின் கொக்கிக்குள் சரியாக உட்காராது. பாரை வைஸில் இறுக்குங்கள். வைஸ் இல்லையா, ஒரு கட்டையில் பிளவு போட்டு அதில் சொருகுங்கள். பல்லின் தலையில் சாய்வாக ஒரு கோடு இருக்கும், பெரும்பாலும் 30 டிகிரி. அரம் அந்தக் கோட்டோடு போகட்டும். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் தேயுங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் பரபரவென்று இழுப்பவரைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். மிகக் குட்டையான பல் எதுவோ அதன் நீளத்துக்கு எல்லாப் பல்லையும் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் திரும்புங்கள்.

பல்லுக்கு முன்னால் சின்ன மேடு இருக்கிறதே, ரேக்கர், அது பல்லின் உச்சியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பலமுறை தீட்டித் தீட்டிப் பல் தாழ்ந்தால், மேடு உயர்ந்து நின்று பல்லை மரத்துக்குள் இறங்கவிடாது. அப்போது தட்டை அரத்தால் கொஞ்சம் குறைக்கலாம். ஆசைப்பட்டு அதிகம் குறைத்தால் பல் ஆழமாகக் கவ்வி மிஷின் உதைக்கும்.

தீட்டி முடித்ததும் பாரைக் கழற்றி, பள்ளத்தில் அடைந்த கசடைச் சுரண்டி, ஆயில் துளையைக் குத்திவிட்டு, தலைகீழாக மாற்றிப் போடுங்கள். பிறகு பழைய அட்டைக்கு மேலே பார் நுனியைப் பிடித்து முடுக்கினால், அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். லோரியில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றும் எஸ்டேட் பழக்கம் வேண்டவே வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கும். தீட்டிய பிறகும் வெட்டு சாய்ந்தால் பாரின் ஒரு விளிம்பு தேய்ந்திருக்கும், பாரை மாற்றுங்கள். அதற்கும் புது மிஷின் தேவையில்லை.

கேள்வி: பட்டர்வொர்த் தாமான் வீட்டில் மாமரக் கிளை கழிக்க ஒற்றைக்கை பேட்டரி செயின்சா வாங்கினோம். பாதியில் நின்று நின்று ஓடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா, ஐயா?

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. அமுக்கினால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானே நின்றுகொள்ளும். முழு வேகம் பிடித்த பிறகு கிளையில் வைத்து, அதன் எடையிலேயே இறங்கவிடுங்கள். இந்த ரகத்தில் பலவற்றுக்கு ஆயில் பம்ப் கிடையாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சங்கிலியில் நீங்களே சொட்டு விட வேண்டும். சங்கிலி தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேல்பக்கப் பல்லின் கூர், பார் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். பாரின் கீழே தொங்காமல், கையால் இழுத்தால் ஓடும்படி இறுக்கம் வையுங்கள். இவ்வளவும் சரியாக இருந்து, மெல்லிய கிளைக்கே நின்றால் திருப்பிக் கொடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு மட்டும் அறுக்காதீர்கள்.