வாசகர் கேள்வி – பதில்: ஜி, ஆர், ஒய் என முடியும் மூன்றாவது சொல்

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு புதிர் வந்திருக்கிறது. “ஜி, ஆர், ஒய் என்னும் எழுத்துகளில் முடியும் ஆங்கிலச் சொற்கள் மூன்று. ஆங்ரி, ஹங்ரி என்பவை இரண்டு. எல்லோரும் நாள்தோறும் புழங்கும் மூன்றாவது சொல் எது?” அகராதியைப் புரட்டிப் புரட்டிக் களைத்துப்போனோம். விடை உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நாள்தோறும் புழங்கும் மூன்றாவது சொல் கிடையாது, ஆகவே அகராதியை மூடி வைத்துவிடலாம். இந்தப் புதிர் 1975ஆம் ஆண்டில் நியூயார்க் வட்டாரத்து வானொலி நிகழ்ச்சி வழியாகப் பரவியது. விடை கேட்டு அகராதி நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார்கள். ‘ஆங்கில மொழி’ என்பதற்கான ‘தி இங்கிலீஷ் லாங்வேஜ்’ என்ற ஆங்கிலத் தொடரில் மூன்று சொற்கள் உள்ளன, அவற்றில் மூன்றாவது ‘லாங்வேஜ்’, அதுவே விடை என்று சிலர் சாதிப்பார்கள். அது கேள்வியின் ஓட்டையை அடைக்கப் பின்னாளில் வைத்த ஒட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரிய சொற்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் விடை ஒன்றுக்கு மேல் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாப் பகுதியில் கிடைக்கும் பழங்காலக் கண்ணாடி மணிகளுக்கு ‘ஆக்ரி’ மணிகள் என்று பெயர். அச்சொல்லுக்கு ஏ, ஜி, ஜி, ஆர், ஒய் என்பது எழுத்துக்கூட்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்காகத் தொப்பியைச் சுற்றிக் கட்டிக்கொண்ட துணிக்கு, இந்தியின் ‘பகடி’யிலிருந்து போன ‘பக்ரி’ என்ற பெயர் வழங்கியது; அதன் பல எழுத்துக்கூட்டுகளில் ஒன்றும் இப்படி முடிகிறது. மெய்யியலாளர் ஜான் லாக் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு இந்த மூன்று எழுத்துகளையே பெயராக ஆண்டிருக்கிறார். இவற்றுள் எதையும் யாரும் காலையில் காய்கறி வாங்கும்போது சொல்வதில்லை.

நீங்கள் களைத்ததற்குக் காரணம் அகராதியின் அமைப்பு. அது முதலெழுத்தைக் கொண்டு அடுக்கப்பட்டது. கடைசி எழுத்துகளைக் கொண்டு தேடுபவர் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு சொல்லையும் பார்த்தாக வேண்டும். ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்லவும் அதே பாடுதான். இதனால்தான் ஜான் வாக்கர் 1775இல் ஆங்கிலச் சொற்களை ஈற்றெழுத்துப்படி அடுக்கி ஓர் அகராதி வெளியிட்டார். அமெரிக்காவின் மெரியம்–வெப்ஸ்டர் அகராதி அலுவலகத்தில், கணினிக்கு முந்திய காலத்தில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்து வரை தலைகீழாகத் தட்டச்சு செய்து, அட்டைகளாக அடுக்கி வைத்திருந்தார்கள். நம்மவர்க்கும் இது புதிதன்று: செய்யுள் எழுதுவோர் எதுகை தேட வேண்டியிருந்ததால், சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி இரண்டாம் எழுத்தைக் கொண்டே வரிசைப்படுத்தப்பட்டது, வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) நான்கு பகுதிகளுள் ஒன்றை எதுகைச் சொற்களுக்கான தொடையகராதி என்றே ஒதுக்கியது.

இன்று இவ்வளவு பாடு வேண்டாம். பல இணைய அகராதிகளில் நட்சத்திரக் குறி ‘எத்தனை எழுத்தானாலும் சரி’ என்றும், கேள்விக்குறி ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்றும் பொருள்படும். நட்சத்திரக் குறியை இட்டு அதன் பின் இந்த மூன்று எழுத்துகளைத் தட்டினால் பட்டியல் வந்து நிற்கும். எழுத்துகள் சொல்லின் நடுவில் வர வேண்டுமானால் இருபுறமும் நட்சத்திரம் இட வேண்டும்.

கேள்வி: என் மகள், எழுத்துக் கட்டைகளைக் கோத்து ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாடுகிறாள். கையில் உள்ள ஏழு எழுத்துகளையும் ஒரே சொல்லில் வைத்தால் 50 புள்ளிகள் கூடுதல் என்கிறார்கள். செயலி எதுவும் பார்க்காமல் அப்படிச் சொற்களைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. எழுத்துகளை வந்த வரிசையிலேயே முறைத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அதில் பயன் குறைவு. முதலில் ஆங்கிலச் சொற்களில் அடிக்கடி வரும் விகுதி ஏதேனும் கையில் இருக்கிறதா என்று பார்த்து, அதைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஏ, இ, ஜி, ஐ, என், ஆர், டி என்று ஏழு எழுத்துகள் வந்திருப்பதாகக் கொள்வோம். ‘ஐ, என், ஜி’யை ஒதுக்கினால் ஏ, இ, ஆர், டி மிஞ்சும். ‘ரேட்’ என்று கூட்டினால் விகுதி சேரும்போது ‘இ’ விழுந்துவிடும், ஓர் எழுத்து கையிலேயே தங்கும். ‘டேர்’ என்று கூட்டினால் ‘கிழித்தல்’ என்ற பொருளில் ‘டேரிங்’ ஏழெழுத்தாக நிற்கும். பாறை, கனிமப் பெயர்களில் வரும் ‘ஐ, டி, இ’யை ஒதுக்கினால் மீதம் ஜி, ஆர், ஏ, என், விடை ‘கிரானைட்’. ‘ஏ, டி, இ’யை ஒதுக்கினால் நன்றி கெட்டவரைக் குறிக்கும் ‘இன்கிரேட்’. ‘ஐ, இ, ஆர்’ஐ ஒதுக்கினால் மிஞ்சும் ‘டாங்’ என்பதோடு அது சேர்ந்து, ‘கூடுதல் புளிப்பான’ என்னும் ‘டாங்கியர்’. ஏழே எழுத்துகளில் நான்கு சொற்கள்!

போட்டிகளில் ஆடுவோர் இன்னொன்றும் செய்வார்கள்: எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அந்த அடுக்கையே சொற்களோடு சேர்த்து மனப்பாடம் செய்துகொள்வார்கள். கணினியும் இப்படித்தான் தேடுகிறது. ‘லிசன்’, ‘சைலன்ட்’, ‘என்லிஸ்ட்’, ‘டின்சல்’ ஆகிய ஒவ்வொன்றின் எழுத்துகளையும் வரிசைப்படுத்தினால் இ, ஐ, எல், என், எஸ், டி என்ற ஒரே அடுக்கு வரும். ஆகவே அவை ஒரே பெட்டிக்குள் விழும். மகள் பெரிய பட்டியலை உருப்போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். விகுதி பிரிக்கும் பழக்கமே முதலில் போதும்.

கேள்வி: ஸ்கிராபிளில் ‘கியூ’ வந்து ‘யூ’ வராவிட்டால் அந்த எழுத்து வீண்தானா?
– ஒரு மாணவி, திருச்சி

பதில்: வீண் இல்லை. ஸ்கிராபிளின் 100 கட்டைகளில் ‘கியூ’ ஒன்றே ஒன்று, ‘யூ’ நான்கு. எனவே உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அரபு வழி வந்த சொற்களில் ‘கியூ’வுக்குத் துணை தேவைப்படுவதில்லை: பக்கீர், புர்கா, தலாக், நிகாப், கவ்வாலி எல்லாவற்றையும் ‘யூ’ ஒட்டாத ‘கியூ’வைக் கொண்டு எழுதலாம். புர்காவில் ‘யூ’ இருந்தாலும் அது ‘கியூ’வுக்கு முன்னால், வேறிடத்தில் நிற்கிறது. எல்லாவற்றிலும் கைகொடுப்பது, உயிராற்றலைக் குறிக்கும் சீன மொழிச் சொல்லான ‘சீ’; ‘கியூ, ஐ’ என்ற இரண்டே எழுத்துகளில் 11 புள்ளிகள் கிடைக்கும். இதை வட அமெரிக்க ஸ்கிராபிள் சொற்பட்டியல் 2006இல்தான் ஏற்றுக்கொண்டது. பழைய அகராதியை வைத்து விளையாடும் வீடுகளில் செல்லாது என்பார்கள். எந்தப் பட்டியல் என்பதை முதல் கட்டை வைக்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.