கூட்டிவரப் போனவர்கள்

அன்புள்ள ஐயா,

‘ஹை அண்ட் லோ’ ஜப்பானியத் தொடரின் இரண்டு சீசனையும், அதன் தொடர்ச்சியாக வந்த முதல் படத்தையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். ஐந்து கும்பல்கள், ஒரே ஊர், ஓயாத அடிதடி. ஆனால் என் கண்ணில் பட்டது விசுவாசம்தான். தலைவன் தப்பான வழியில் போனாலும் அவன் கூடவே நிற்கிற ட்சுகுமோவைப் பார்த்தபோது கர்ணன் ஞாபகம் வந்தது. ‘உடுக்கை இழந்தவன் கைபோல’ என்று நம் வள்ளுவர் சொன்னதை ஜப்பான்காரர்கள் காட்சியாக எடுத்துவிட்டார்கள். நம் காலத்தில் அப்படிப்பட்ட நட்பு உண்டா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரியில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் இப்போது ஆன்லைன் சூதாட்ட ஏஜென்ட் ஒருவரிடம் வேலை செய்கிறான். ஆள் பிடித்துக் கொடுப்பது, பணம் வசூலிப்பது. கஷ்டகாலத்தில் அவர்தான் உதவினாராம். போனில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. விலகிவிட்டேன். நான் செய்தது துரோகமா? இவ்வளவு வன்முறையுள்ள தொடரை ரசித்தது சரியா என்ற உறுத்தலும் இருக்கிறது.

ர.

(நான்கு பக்கக் கடிதம். சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடுகிறேன். அந்தத் தொடரைத் தயாரித்தவர் எக்ஸைல் இசைக்குழுவின் ஹிரோ. அதில் அடிப்பவர்கள், அடி வாங்குபவர்கள் பலரும் அந்த வட்டாரத்துப் பாடகர்கள், நடனக்காரர்கள். சண்டை ஒவ்வொன்றும் ஆட்டம் மாதிரி இருப்பது அதனால்தான். மண்டையில் வாங்கியவன் கொஞ்ச நேரம் கழித்து முகத்தில் ஒரு பிளாஸ்திரியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். இதற்கெல்லாம் உறுத்தல் வேண்டாம். ரசித்தீர்களா, நல்லது.

வள்ளுவரையும் விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் யார் எதை எடுத்தாலும், இதை நாங்கள் அப்போதே சொல்லிவிட்டோம் என்று எழுந்து நிற்கிற பழக்கம் நமக்கு எப்போது போகுமோ தெரியவில்லை.

ஆனால் கர்ணனை விடமாட்டேன். போன மாதம்தான் ஒரு நண்பர் வீட்டில் இதே விஷயத்துக்காகத் தொண்டை வறளக் கத்திவிட்டு வந்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

கர்ணனுக்கும் துரியோதனனுக்கும் இடையே இருப்பதை நாம் நட்பு என்கிறோம். அதற்கு நாமே வைத்திருக்கும் பெயர் என்ன? செஞ்சோற்றுக்கடன். கடன் என்று பெயரிலேயே இருக்கிறது. அரங்கில் குலம் கேட்டு அவமானப்படுத்தியபோது ஒருவன் அங்க நாட்டைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டவன் கடைசியில் உயிரால் அடைத்தான். மனம் உருகத்தான் செய்கிறது. ஆனால் அந்த இடைப்பட்ட காலம் முழுக்க அவன் துரியோதனனிடம் ஒருமுறையாவது “வேண்டாம்” என்று கையைப் பிடித்தானா? சூதாட்டச் சபையில் எழுந்து நின்று இது அநியாயம் என்று சொன்னவன் துரியோதனனின் தம்பி விகர்ணன். அவனை அதட்டி உட்காரவைத்தது யார் என்று மகாபாரதத்தைத் திறந்து பாருங்கள். நம் கர்ணன்தான். கும்பகர்ணனாவது முதலில் அண்ணனை இடித்துச் சொல்லிவிட்டுத்தான் போருக்குப் போனான்.

ஜப்பானியர்களிடம் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. கிரி என்றால் பட்ட கடன், நிறைவேற்றியே தீரவேண்டிய கடமை. நின்ஜோ என்றால் மனசு, மனிதருக்கு மனிதர்மேல் தானாகச் சுரப்பது. யாகுசா, அதாவது ஜப்பானிய ரவுடிக் கும்பல்களின் உலகம், முழுக்க முதலாவதன்மேல் கட்டப்பட்டது. தலைவனை ஓயாபுன் என்பார்கள், பெற்றவர் ஸ்தானம். அடியாள் கோபுன், பிள்ளை ஸ்தானம். சாக்கே என்கிற அரிசி மது ஊற்றிய சிறு கிண்ணத்தைச் சடங்காகப் பரிமாறிக்கொண்டால் உறவு உறுதியாகிவிடும். சகோதரர்களாக ஆகிறவர்களுக்கும் கிண்ணம் உண்டு. அதில் ஒரு வேடிக்கை. சரிபாதி குடித்தால் சமமான சகோதரர்கள். ஒருவன் ஆறு பங்கும் மற்றவன் நான்கு பங்கும் குடித்தால் ஆறு குடித்தவன் அண்ணன். பாசத்தை அளந்து ஊற்றுகிறார்கள் பாருங்கள்!

1960களில் தோயே நிறுவனம் இந்தக் கிரியை வைத்தே வரிசையாகப் படம் எடுத்தது. நடிகர்கள் தகாகுரா கென்னும் இகேபே ரியோவும் இரவில் தோளோடு தோள் சேர்ந்து, எதிரியின் வீட்டை நோக்கி நடந்து போவார்கள். சாகப் போகிறோம் என்று இருவருக்கும் தெரியும். கடனை அடைக்கப் போகிறவர்களின் நடை அது. நான் சொல்கிற வாதத்துக்கு எதிரான படங்கள்தான். ஆனாலும் அந்த நடையை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

1973இல் ஃபுகாசாகு கிஞ்ஜி என்ற இயக்குநர் ஒரு படத்தோடு வந்து எல்லாவற்றையும் கவிழ்த்தார். போருக்குப் பிந்தைய ஹிரோஷிமா வட்டாரத்து யாகுசாக்களின் கதை. அதில் யாமாமோரி என்று ஒரு ஓயாபுன். காரியம் ஆகவேண்டுமென்றால் அழுதுவிடுவான். மூக்கைச் சிந்தி அழுதே பையன்களைக் கொலைக்கு அனுப்புவான். கடைசியில், அவனை எதிர்த்து நின்ற சகாய் என்பவன் பொம்மைக் கடையில் பொம்மை வாங்கிக்கொண்டு நிற்கும்போது சுட்டுக் கொல்லப்படுகிறான். யாமாமோரியின் ஆட்கள் பெரிதாக இறுதிச்சடங்கு நடத்துகிறார்கள். மாலைகள், படையல், உள்ளே நெஞ்சில் கைவைத்துத் தலைவன். அங்கே வருகிறான் சகாயின் பழைய கூட்டாளி ஹிரோனோ. இறந்தவனின் புகைப்படத்தின் முன்னால் ஒரு கணம் நிற்கிறான். பிறகு துப்பாக்கியை எடுத்துப் படையலையும் அலங்காரத்தையும் சுட்டு நொறுக்குகிறான். மனிதர் யாரையும் சுடவில்லை. எனக்குத் தெரிந்து சினிமாவில் நண்பனுக்குச் செய்த மிக மரியாதையான அஞ்சலி அதுதான்.

எங்கேயோ போய்விட்டேன். ‘ஹை அண்ட் லோ’வுக்கு வருகிறேன். நூறு குத்து வாங்கியும் விழாமல் நின்று பள்ளித் தலைவனான முராயாமாவைப் பற்றியும் எழுதத்தான் ஆசை. வேண்டாம், இன்னொரு நாள்.

நீங்கள் ட்சுகுமோவைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டீர்கள். நொபோருவைப் பார்க்கவே இல்லை. உங்கள் கடிதத்தில் அவன் பெயரே வரவில்லை. தொடரின் உயிர் அவன்தான்.

கோப்ரா, யாமாதோ, நொபோரு, மூவரும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து திரிந்தவர்கள். நொபோரு படிப்பில் கெட்டி. காதலிக்கு நடந்த கொடுமைக்குப் பழிவாங்கப் போய் அடைபடுகிறான். வெளியே வந்தவன் நண்பர்களிடம் வரவில்லை. எந்த முகத்தோடு வருவான்? இயேமுரா-காய் என்கிற யாகுசா கும்பல் அவனை எடுத்துக்கொள்கிறது. சோறு, வேலை, கோட்டு சூட்டு எல்லாம் கொடுக்கிறது. இப்போது அவனுக்கு ஒரு செஞ்சோற்றுக்கடன் வந்துவிட்டது. சொந்தத் தெருவுக்கே குழி பறிக்கத் திட்டம் போட்டுக் கொடுக்கிறான்.

கோப்ராவும் யாமாதோவும் என்ன செய்தார்கள்? சான்னோ ரெங்கோகாய் என்று அவர்கள் ஒரு கூட்டத்தைச் சேர்த்தார்களே, அது எதற்கு? ஊரைப் பிடிப்பதற்கு இல்லை. நொபோரு என்றைக்காவது திரும்பி வந்தால் அவனுக்கு ஒரு இடம் இருக்க வேண்டும் என்பதற்காக. இவர்களின் பழைய கும்பல் தலைவர்களில் ஒருவனான, இறந்துபோன தத்சுயாவின் தங்கை நடத்துகிற அந்தச் சின்ன உணவுக்கடை, இதோகான், அதில் அவர்கள் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா? கதை நகரவில்லை என்று எரிச்சல்கூட வந்திருக்கும். அவர்கள் அங்கே இடத்தைச் சூடாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் அவன் வருகிற வரைக்கும் காத்திராமல் அவர்களே கூட்டிவரப் போகிறார்கள்.

2016இல் வந்த படத்திலும் இதேதான். தத்சுயாவை இழந்த துக்கத்தில் அவனுடைய கூட்டாளியும் ட்சுகுமோவின் தலைவனுமான கோஹாகு வெளியாட்களைக் கூட்டிக்கொண்டு ஊரையே அழிக்க வருகிறான். ட்சுகுமோ, போக்கிடம் இல்லாதிருந்த காலத்தில் கோஹாகுவாலும் தத்சுயாவாலும் சேர்த்துக்கொள்ளப்பட்டவன், தவறு என்று தெரிந்தும் கூடவே வருகிறான். கோப்ராவும் யாமாதோவும் எதிரே நிற்கிறார்கள். தாங்கள் அண்ணனாக நினைத்தவனை அழுதுகொண்டே அடிக்கிறார்கள், அவனிடம் அடி வாங்கிச் சுருண்டு விழுகிறார்கள், எழுந்து மறுபடி போகிறார்கள், அவன் மனம் உடைந்து அழுகிற வரை. இதில் கர்ணன் ட்சுகுமோதான், சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். ஆனால் கோஹாகு திரும்பி வந்தது யாரால்?

இது கதைக்காக ஜோடித்தது என்று நினைக்காதீர்கள். நிஜ ஜப்பானில் கும்பலிலிருந்து வெளியே வருவதைவிட, வந்தபிறகு போக இடம் இருப்பதுதான் கடினம். 2011 அக்டோபருக்குள் எல்லா மாகாணங்களிலும் யாகுசா விலக்குச் சட்டவிதிகள் வந்துவிட்டன. அவர்களோடு வியாபாரத் தொடர்பு கூடாது. வங்கிக் கணக்கு திறக்க முடியாது, வாடகைக்கு வீடு எடுப்பது கஷ்டம், செல்போன் வாங்குவதும் கஷ்டம். கும்பலை விட்டு விலகினாலும் ஐந்து வருடத்துக்கு அநேகமாக இதே கதிதான். வங்கிக் கணக்கு இல்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? 1963இல் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரம் பேராக இருந்தவர்கள் 2024 முடிவில் 18,800 பேர்தான். எண்ணிக்கை குறைந்தது நல்ல விஷயம். விலகியவர்களில் எத்தனை பேருக்கு ஒரு இதோகான் கிடைத்திருக்கும் என்று யோசிப்பேன்.

சரி, நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நாங்களும் மூன்று பேர். செல்லப்பா, முத்து, நான். 1986இல் செல்லப்பாவின் அப்பா படுத்த படுக்கையானபோது ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் தண்டலுக்கு விடுகிற ஒருவர் கொடுத்தார். பதிலுக்குச் செல்லப்பா அவரிடம் வசூலுக்குப் போனான். மொபெட்டில் ரெக்ஸின் பை, பைக்குள் தண்டல் நோட்டு. காய்கறிக்காரி தராசை எடுத்து வைத்துக்கொள்வான், தையல்காரர் வீட்டு வாசலில் நின்று கெட்ட வார்த்தை பேசுவான். எங்கள் தெருவுக்கும் வந்தான். என் அம்மாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “சாப்ட்டியாடா?” என்று கேட்டாள். அவன் போனபிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீ போய் கூட்டிட்டு வரமாட்டியா?”

“அவனாப் புரிஞ்சுக்கிட்டு வருவான்மா” என்றேன். அப்போது நிறைய ருஷ்ய நாவல் படித்துக்கொண்டிருந்தேன். தனிமனிதனின் தேர்வு, சுதந்திரம் பற்றியெல்லாம் அவனுக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன். அந்த வட்டிக்கடை இருந்த தெருவை விட்டு வேறு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

முத்து மில்லில் வேலை பார்த்தான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஞாயிற்றுக்கிழமை லீவு. ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் அந்தக் கடைக்குப் போய், வாசலில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். அறிவுரை கிடையாது. டீ குடிப்பான், பேப்பர் பார்ப்பான். எட்டு மணிக்கு எழுந்து, “வாடா, போலாம்” என்பான். செல்லப்பா வரமாட்டான். இவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கடைக்காரர் கிண்டல் செய்தார், ஒருமுறை ஆள்விட்டுத் தள்ளினார். அடுத்த ஞாயிறும் பெஞ்சில் இருந்தான். ஏழு மாதம். ஒரு ஞாயிறு செல்லப்பா நோட்டை மேஜையில் வைத்துவிட்டு வந்து சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டான்.

கடன் அப்படியேதான் இருந்தது. முத்து அவனைப் பதிலி வேலையில் சேர்த்துவிட்டான். நான்கு வருடம் மில் சம்பளத்தில் மாதாமாதம் கட்டி முடித்தான். பட்ட கடனைப் பணமாகக் கட்டினான், உயிரால் கட்டவில்லை.

இன்றைக்கும் மூவரும் சந்திப்போம். அவர்கள் இருவரும் அந்த பெஞ்சைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அந்த ஜோக் புரியாது.

துரோகமா என்று கேட்டிருந்தீர்கள். அது பெரிய வார்த்தை. அவ்வளவு பெரிதாக நீங்கள் எதுவும் செய்துவிடவில்லை. ஒரு போன் போட்டிருக்கிறீர்கள். நான் எழுதிய எட்டுப் பக்கத்துக்கு அது பரவாயில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டாவது முறையாகப் படித்தபோதுதான் கவனித்தேன். கோப்ரா இருக்கிறான், ட்சுகுமோ இருக்கிறான், கர்ணன் இருக்கிறான், வள்ளுவர் இருக்கிறார். நான்கு பக்கத்தில் எங்கேயும் உங்கள் நண்பனின் பெயர் இல்லை.