அரிசி ஆலைக்கு ஆர்டர் தளம்: லோ-கோடா, ஆள் வைத்து எழுதுவதா?

மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறோம், கடைக்காரர்கள் ஆர்டர் போடவும் பாக்கியைப் பார்க்கவும் ஒரு இணையதளம் வேண்டும், லோ-கோடு (புரோகிராம் அதிகம் எழுதாமல், தயாராக இருக்கும் ஃபார்ம்களை வைத்தே தளம் கட்டும் முறை) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் இருந்துகொண்டு நான் செய்வது இந்த வேலைதான். ஆர்டருக்கும் பாக்கிக்கும் லோ-கோடு தாராளமாகப் போதும். நெல் கணக்கையும் அதில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5% ஜிஎஸ்டி வந்தது ஞாபகம் இருக்கும். அதைத் தவிர்க்க ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. எனக்குத் தெரிந்த ஒரு ஆலையில் ஜோஹோ கிரியேட்டர் என்ற லோ-கோடு சேவையில் செய்த தளம். கணக்குப்பிள்ளை அண்ணன் அவரே ஃபார்மைத் திறந்தார், எடைப் பட்டியலில் 26ஐச் சேர்த்தார், டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் பிஎச்பி என்ற புரோகிராம் மொழியில் எழுதிக் கொடுத்த இன்னொரு ஆலையில் அதே வேலைக்கு நான் போய்த்தான் ஆகவேண்டும். ஏழெட்டு இடத்தில் தேடித் திருத்த மூன்று நாள். அதுவரை அவர்கள் பில்லைக் கையால் எழுதினார்கள். இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

நெல் கணக்கு வேறு. ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிவு, பதருக்கு எவ்வளவு, சாக்கு யாருடையது, தரகு யார் தலையில், குறுவையில் கொடுத்த முன்பணம் சம்பாவில் எப்படிக் கழியும் என்பதெல்லாம் ஆலைக்கு ஆலை ஒரு வழக்கம். லோ-கோடிலும் செய்யலாம். ஆனால் அந்தச் சேவைக்கே உரிய ஸ்கிரிப்ட் மொழியில் பக்கம் பக்கமாக எழுத வேண்டிவரும். பிறகு மாற நினைத்தால் தரவு எக்செல்லாக வந்துவிடும், விதிகள் வராது. 2021 ஜனவரியில் கூகுள் தன் ஆப் மேக்கர் என்ற லோ-கோடு சேவையை மூடியபோது, அதில் செய்து வைத்திருந்தவர்கள் வேறிடத்தில் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. அதனால் இந்தப் பகுதியை மட்டும் ஆள் வைத்து எழுதுங்கள். புரோகிராமும் சர்வர் பாஸ்வேர்டும் முதல் நாளே உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

லோ-கோடு சேவைக்குக் கட்டணம் பெரும்பாலும் மாதம் ஆளுக்கு இவ்வளவு என்றிருக்கும். ஆபீசில் நாலு பேருக்கு அது பெரிதில்லை. 300 கடைக்காரர்கள் உள்ளே வர வேண்டுமென்றால், வாடிக்கையாளர் லாகினுக்குத் தனி விலை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், தை மாதம் சம்பா நெல் வந்து இறங்கும் நேரத்தில் எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். அதற்கு முன்பே, பழக்கமான ஐந்து கடைகளுக்கு மட்டும் திறந்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள்.